குருதியும் மகரந்தமும்

மாட்டு ஈ கொட்டுவதில்லை, அறுக்கிறது. கொசுவானால் ஊசியை மெல்ல இறக்கும், தோலுக்கடியில் ஓடும் நாளத்தைத் துழாவிப் பிடிக்கும், நாம் உணர்வதற்குள் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். மாட்டு ஈக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் வாயில் ஆறு அலகுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு ஜோடி தட்டையான கத்திகள். பக்கவாட்டில் அசைந்து தோலை வெட்டுகின்றன. பல் வைத்த இன்னொரு ஜோடி மேலும் கீழும் இயங்கிக் காயத்தை ஆழமாக்குகிறது. அறுபட்ட இடத்தில் இரத்தம் சிறு குட்டையாகத் தேங்குகிறது. மென்மையான உதட்டுப் பகுதி அதை ஒற்றி எடுக்க, குழல் வழியே உள்ளே ஏறுகிறது. இரத்தம் உறையாமலிருக்க எச்சிலிலேயே அதற்கான பொருள் கலந்திருக்கிறது. ஈ பறந்துபோன பிறகும் மாட்டின் விலாவில் ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அந்த எச்சில்.

வீட்டு ஈயைவிடப் பல மடங்கு பெரிய இந்த ஈயைப் பாடநூல்கள் குதிரை ஈ என்கின்றன; டபானஸ் என்பது அதன் முக்கியமான பேரினம். தலையின் பெரும்பகுதி கண்தான். உயிரோடு இருக்கும்போது சில இனங்களின் கண்களில் பச்சையும் ஊதாவுமாகப் பட்டைகள் மின்னும். செத்தபின் அந்த நிறம் மங்கிவிடும். கண்களைப் பார்த்தே ஆண், பெண் சொல்லிவிடலாம். ஆணுக்கு இரு கண்களும் உச்சந்தலையில் ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு நடுவில் ஓர் இடைவெளி தெரியும். மாட்டின் மேல் உட்கார்ந்திருப்பவற்றில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் இடைவெளி உள்ள கண்தான் இருக்கும். ஆண் ஈக்கு வெட்டும் கத்திகளே இல்லை. அது பூந்தேனையும் செடிகளில் கசியும் இனிப்பையும் குடித்து வாழ்ந்து முடிந்துவிடுகிறது.

பெண்ணும் இனிப்பைக் குடிக்கிறது. பறப்பதற்கான ஆற்றல் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் இனிப்பை வைத்துக்கொண்டு முட்டை போட முடியாது. முட்டைக்குப் புரதம் வேண்டும், பூந்தேனில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். வளர்ந்த ஈயால் இலையைக் கடித்து மெல்லவும் முடியாது, இன்னொரு பூச்சியைப் பிடித்துத் தின்னவும் முடியாது. திரவ உணவை மட்டுமே ஏற்கும் வாய் அது. புரதம் செறிந்த திரவம் தரையில் எங்கே கிடைக்கும்? வெப்ப இரத்தப் பிராணிகளின் தோலுக்கு அடியில் கிடைக்கிறது. கடியின் கணக்கு இவ்வளவுதான்.

இதே கணக்கை இன்னொரு பூச்சி வேறு விதமாகப் போட்டிருக்கிறது. அதைப் பார்க்க ரோஜாச் செடி பக்கம் வர வேண்டும்.

ரோஜா இலையின் ஓரத்தில் வட்டமாக, அச்சில் வெட்டியதைப் போல ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். புழு தின்றதென்று பலர் நினைத்துவிடுகிறார்கள், மருந்தும் அடித்துவிடுகிறார்கள். புழு தின்ற இலையில் ஓரம் கந்தலாக இருக்கும், அடியில் எச்சமும் கிடக்கும். இந்த வெட்டில் ஓரம் வழவழப்பாக, வளைவு பிசகாமல் இருக்கும். மெகாகைல் என்னும் இலைவெட்டித் தேனீயின் வேலை இது. காலை வெயில் ஏறியதும் செடி பக்கத்தில் சற்று நேரம் அசையாமல் நின்றால் நேரிலேயே பார்க்கலாம். வந்து உட்காரும், ஓர் இலை, இரண்டு இலை மாறிப் பார்க்கும், பிடித்துப்போனால் ஓரத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தாடைகளால் வெட்டத் தொடங்கும். உடலையே ஆரமாக வைத்துச் சுற்றி வருவதால் வளைவு சரியாக அமைகிறது. வெட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேலேயே அது உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கடைசி நரம்பு அறுபட்டால் துண்டோடு சேர்ந்து அதுவும் கீழே விழ வேண்டும். விழுவதில்லை. அறுபடுவதற்குச் சற்று முன்பே இறக்கைகள் ரீங்கரிக்கத் தொடங்கிவிடுகின்றன. துண்டு பிரிந்த கணத்தில், அதைச் சுருட்டி வயிற்றுக்கடியில் அணைத்தபடி அது காற்றில் இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒரு கணம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

துண்டுகளில் இரண்டு வகை உண்டு. நீள்வட்டத் துண்டுகள் சுவருக்கு, முழுவட்டத் துண்டுகள் மூடிக்கு. மூங்கில் துளை, காய்ந்த தண்டு, ஜன்னல் சட்டத்தில் திருகாணி கழன்ற ஓட்டை, தோட்டத்துக் குழாயின் முனை, இப்படி விரல் நுழையாத ஏதாவது ஒரு பொந்து அதற்குப் போதும். பொந்தின் உள்முனையில் நீள்வட்டத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒரு கிண்ணம் செய்கிறது. கோயிலில் பொங்கல் வாங்கும் தொன்னையைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. குச்சி குத்துவதற்குப் பதிலாக, இலையின் ஓரத்தைத் தாடையால் நசுக்கி, கசியும் சாற்றையும் தன் எச்சிலையும் வைத்தே ஒட்டிக்கொள்கிறது. பிறகு பூக்களுக்குப் போகிறது. மகரந்தமும் தேனும் குழைத்து, கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்புகிறது. அந்தக் களியின் மேல் ஒரே ஒரு முட்டை. மேலே வட்ட மூடிகள். அந்த மூடியே அடுத்த கிண்ணத்தின் அடித்தளம். இப்படி வரிசையாக அறைகள் முடிந்ததும் பொந்தின் வாயை இலைத் துண்டுகளால் அடைத்துவிட்டு அடுத்த பொந்தைத் தேடிப் போகிறது. இதில் எவரும் துணையில்லை. ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. நாம் தேன் எடுப்பவை அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிகப் பெரும்பாலானவை இப்படித் தனித்து வாழ்பவைதான்.

இந்தத் தேனீ மகரந்தத்தைக் காலில் சுமப்பதில்லை, வயிற்றின் அடிப்பகுதியில் அடர்ந்திருக்கும் முடித் தூரிகையில் சுமக்கிறது. பூவில் இறங்கும்போது வயிறு உயர்ந்திருந்து, மஞ்சள் பூசியதைப் போல் அடிப்பக்கம் தெரிந்தால் அது பெரும்பாலும் மெகாகைல்தான். தேனீயின் உடலில் உள்ள முடிகளில் பல கிளைவிட்ட முடிகள். ஈயின் முடி வெறும் கம்பி. மகரந்தத்தை ஒரு சுமையாக வைத்திருக்க அதனால் முடியாது. உருப்பெருக்கியில் பார்த்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். இறக்கைக் கணக்கும் வேறு. தேனீக்கு நான்கு. ஈக்கு இரண்டுதான், பின் இறக்கைகள் சுருங்கி, நுனியில் குமிழ் வைத்த இரண்டு குச்சிகளாகிவிட்டன. பறக்கும்போது அவையும் அதிர்ந்து, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஈக்கு ஓயாமல் அறிவிக்கின்றன. மாட்டின் வாலுக்குத் தப்பி ஈ வெட்டித் திரும்புவதில் அந்தக் குமிழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பொந்துக்குள் முட்டைகள் இருக்கும் வரிசையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உள்ளே ஆழத்தில் இருப்பவை பெரும்பாலும் பெண், வாசல் பக்கம் இருப்பவை ஆண். இது தற்செயல் இல்லை, தாய் முடிவு செய்வது. தேனீக்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். சேர்க்கையின்போது பெற்ற விந்தணுக்களை ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கும் தாய், முட்டை இறங்கும் நேரத்தில் அந்தப் பையைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கொண்டே பிள்ளையின் பாலைத் தீர்மானித்துவிடுகிறது. உள்ளறைப் பெண்ணுக்குக் களியும் கூடுதல். பருவம் வந்ததும் வாசல்பக்க ஆண்கள் முதலில் வெளியே வந்து வழியை விட்டுவிடுகின்றன. முட்டையிட்ட தாய் இதில் எதையும் பார்க்கப் போவதில்லை. பெரும்பாலும் அதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும்.

ஈயும் தேனீயும் ஒரே பொருளைத்தான் தேடி அலைகின்றன: பிள்ளைக்கான புரதம். ஒன்று அதைக் குருதியில் எடுக்கிறது, மற்றது மகரந்தத்தில். மாட்டு ஈ புரதத்தைத் தன் வயிற்றுக்குள் போட்டு முட்டையாக்கிவிடுகிறது. அதோடு அதன் தாய்மை முடிந்தது. தேனீ தனக்கென்று கொஞ்சம் மகரந்தம் தின்றாலும், பெரும்பகுதியைத் தன் உடலுக்கு வெளியே, பிறக்கப்போகும் பிள்ளையின் வாய்க்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறது. உடம்பு, வீடு, பிள்ளைகளின் எண்ணிக்கை என இரண்டிலும் நாம் காணும் பெரிய வேறுபாடுகள் பலவும் இந்த ஓர் இடத்திலிருந்து கிளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாட்டு ஈ குளக்கரையில், வயல் ஓரத்தில், தண்ணீருக்கு மேல் சாய்ந்த இலையின் அடியில் சில நூறு முட்டைகளை ஒரே குவியலாக ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிக்கும் புழுக்கள் நேராகச் சேற்றில் விழுகின்றன. அங்கே அவை வேட்டைக்காரர்கள். மண்புழு, பிற பூச்சிகளின் புழுக்கள், கிடைத்தால் தம்மினம் என எதையும் விடுவதில்லை. ஜப்பானில் நெல் வயலில் இறங்கி வேலை செய்வோரின் கால்களை இந்தப் புழுக்கள் கடித்ததாகப் பதிவுகள் உண்டு. சேற்றில் மாதக்கணக்கில், சில இனங்கள் ஓராண்டுக்கு மேலும், இப்படியே வாழ்ந்து வளர்கின்றன. மாட்டு ஈயின் சில இனங்கள் முதல் ஈட்டு முட்டைகளை இரத்தமே குடிக்காமல் போட்டுவிடுகின்றன. சேற்றில் வேட்டையாடிச் சேர்த்த புரதம் அதற்குக் கைகொடுக்கிறது. நூற்றுக்கணக்கில் போட்டாலும் பெரும்பாலானவை அழிந்துவிடும். அந்த இழப்பைக் கணக்கில் கொண்டுதான் இத்தனை முட்டைகள். தேனீயோ வாழ்நாள் முழுதும் உழைத்து இருபது, முப்பது முட்டைகள் இட்டால் பெரிது.

அப்படியானால் கடிக்கிற ஈ அலட்சியமான தாய், தேனீ அக்கறையுள்ள தாய் என்று எழுதி முடித்துவிடலாமா? முடியாது. ஆப்பிரிக்காவில் ஓர் ஈ இருக்கிறது.

செட்சி ஈயில் ஆண், பெண் இரண்டுமே குருதி தவிர வேறெதையும் உணவாகக் கொள்வதில்லை. ஒரு வேளைக்குத் தன் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு குடிக்கும். சகாராவுக்குத் தெற்கே வாழும் இதன் சுமார் 30 இனங்களும் முட்டையை வெளியே இடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு முட்டை தாயின் கருப்பைக்குள் இறங்கி, அங்கேயே பொரிக்கிறது. புழு கருப்பைக்குள்ளேயே வளர்கிறது. அதற்கு உணவு? தாயின் உடலில் கிளைகிளையாகப் பரவியிருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து பால் சுரந்து கருப்பைக்குள் இறங்குகிறது. பால் என்பது இங்கே உவமை இல்லை. கொழுப்பும் புரதமும் நிறைந்த வெண்ணிறத் திரவம் அது, குருதியிலிருந்து உருவாவது. ஏறக்குறைய ஒன்பது நாள் இப்படி ஊட்டிய பிறகு தாய் புழுவை ஈனுகிறது. அப்போது புழுவின் எடை தாயின் எடையோடு ஒப்பிடத்தக்கது. மனிதக் கணக்கில் யோசித்தால் தலை சுற்றும். ஈன்ற புழு எதையும் தின்பதில்லை. நேராக மண்ணுக்குள் புதைந்து சில மணி நேரத்தில் கூட்டுப்புழுவாகிவிடுகிறது. தாய் அடுத்த பிள்ளைக்காகக் குருதி தேடிக் கிளம்புகிறது. இரண்டு மூன்று மாத வாழ்நாளில் பத்துப் பிள்ளைகள் பெற்றால் அதிகம்.

பிள்ளைப் பேற்றின் கணக்கில் செட்சி ஈ, மாட்டு ஈயைவிட இலைவெட்டித் தேனீக்கு நெருக்கமாக நிற்கிறது. தேனீ மூங்கில் துளைக்குள் அறை கட்டி அதில் களியை நிரப்புகிறது. செட்சி தன் உடலையே அறையாக்கி, அதில் பாலைச் சுரக்கிறது. இவ்வளவு நுட்பமான தாய், கோடிக்கணக்கான மக்களுக்கு அச்சம் தந்த பூச்சி என்பதும் உண்மை. 1890-களில் டேவிட் புரூஸ், கால்நடைகளைக் கொல்லும் நகானா நோயின் ஒட்டுண்ணியை இந்த ஈ பரப்புவதை ஜூலுலாந்தில் கண்டறிந்தார். அதே குடும்பத்து ஒட்டுண்ணி மனிதரில் உறக்க நோயை உண்டாக்கும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உகாண்டாவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தனர். இன்று ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவான நோயாளிகளே பதிவாகின்றனர். பெரும் சாதனை இது.

அந்தச் சாதனைக்குச் செட்சியின் தாய்மையே ஒரு வழியைத் திறந்துவிட்டது. பத்துப் பிள்ளைகள் மட்டுமே பெறும் உயிரினத்தின் எண்ணிக்கை, சிறிது கூடுதலாகச் செத்தாலும் சரிந்துவிடும். நீலமும் கறுப்புமான துணிக்கு அது ஈர்க்கப்படுவதால், பூச்சிமருந்து தோய்த்த நீலத் துணிகளைப் புதர்களில் கட்டி வைத்தே பல பகுதிகளில் கட்டுப்படுத்த முடிந்தது. பெண் செட்சி பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் இணையும். சான்சிபாரின் உங்குஜா தீவில் கதிர்வீச்சால் மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களை இலட்சக்கணக்கில் விமானத்திலிருந்து விட்டார்கள். அவற்றோடு இணைந்த பெண்களுக்குப் பிள்ளை இல்லை. 1997-இல் அத்தீவு செட்சியற்றதாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கில் முட்டையிடும் மாட்டு ஈயை இப்படி ஒழிப்பது மிகக் கடினம்.

செட்சிக்கும் தேனீக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. குருதியில் புரதம் இருக்கிறது, ஆனால் பி வகை வைட்டமின்கள் போதாது. செட்சிக்கு அவற்றைத் தயாரித்துத் தருபவை அதன் குடலை ஒட்டிய உறுப்பில் வாழும் விகிள்ஸ்வொர்த்தியா என்னும் பாக்டீரியாக்கள். தாய்ப்பால் வழியாகவே அவை பிள்ளைக்குப் போகின்றன. அவற்றை அழித்துவிட்டால் ஈ மலடாகிவிடுகிறது. தனித்து வாழும் தேனீயின் களியிலும் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அமெரிக்காவில் மேசன் தேனீ என்னும் தனித்தேனீயின் புழுக்களுக்குக் கிருமிநீக்கிய மகரந்தத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அவை மெலிந்து போவதையும் அதிகமாகச் சாவதையும் 2019-இல் பதிவு செய்தார்கள். மகரந்தத்தோடு சேர்த்து நுண்ணுயிர்களையும் அந்தப் புழு தின்கிறது. சுத்த சைவம் என்று நாம் நினைத்த உணவில் அவையும் ஒரு பங்கு.

சைவமானதும் பிற்காலத்தில்தான். தேனீக்களின் முன்னோர் வேட்டைக் குளவிகள். பிள்ளைக்குப் பூச்சிகளைக் கொட்டி மயக்கி அறையில் அடைத்து வைத்த குளவிகளில் ஒரு கிளை, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சியை விட்டு மகரந்தத்துக்கு மாறியது. அறை கட்டும் கலையும் கொடுக்கும் அந்தப் பழைய தொழிலின் மிச்சம். கொடுக்கு என்பது முட்டையிடும் குழலின் மாறிய வடிவம். ஆகவே ஆண் தேனீயால் கொட்டவே முடியாது. மாட்டு ஈயின் ஆணால் கடிக்க முடியாதது போலத்தான். இருவரிடமும் நமக்கு வலி தருவது பெண் மட்டுமே, ஆனால் ஒன்று முன்பக்கத்தால், மற்றது பின்பக்கத்தால். ஈயின் கடி உணவுக்காக. தேனீயின் கொட்டு தற்காப்புக்காக. காக்க ஒரு தேன் அடை இல்லாததால், தனித்து வாழும் தேனீ மனிதரைக் கொட்டுவது மிக அரிது. கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

குடும்பத்தை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது என்பதற்குத் தேனீக்களுக்குள்ளேயே சான்று இருக்கிறது. கூர்மையான பின்னுடல் கொண்ட கோலியாக்ஸிஸ் என்னும் குயில் தேனீ, இலைவெட்டியின் வீட்டுக்குள் நுழைந்து தன் முட்டையை வைத்துவிடும். அதன் புழு அரிவாள் தாடைகளோடு வளர்ந்து, வீட்டுக்காரியின் பிள்ளையைக் கொன்று களியைத் தின்னும். மறுபக்கம், நேபாளத்தின் மலைச்சரிவுகளில் ரோஸ்கோயா என்னும் இஞ்சிக் குடும்பத்துச் செடியின் நீண்ட பூக்குழலுக்குள் தன்னைவிட நீளமான வாயை நுழைத்துத் தேன் குடித்து மகரந்தம் மாற்றுவது, மாட்டு ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிலோலிகே. கோக்கோ மரத்தின் குட்டிப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவற்றில் முதன்மையானவை, கடிக்கும் நுண்ணீக்களின் குடும்பத்துப் பூச்சிகள். அவை இல்லாவிட்டால் சாக்லேட் இல்லை.

நம் ஊர் மாட்டு ஈக்கு வருவோம். அது செட்சியைப் போல் ஒட்டுண்ணியை உடலுக்குள் வளர்த்துத் தருவதில்லை. அறுப்பதால் வலிக்கிறது, வலிப்பதால் மாடு வாலை வீசுகிறது, தோலைச் சிலிர்க்கிறது, பாதியில் எழுந்த ஈ பக்கத்து மாட்டில் போய் உட்கார்ந்து மீதியைக் குடிக்கிறது. வாய் அலகுகளில் ஒட்டிய ஈர இரத்தம் அப்படியே அடுத்த உடலுக்குள் போய்விடுகிறது. கால்நடைகளைத் தாக்கும் சர்ரா நோய் பரவுவது இவ்வாறுதான். 1880-இல் தேரா இஸ்மாயில் கானில், அன்றைய பஞ்சாபில், கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்களின் இரத்தத்தில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டார். பாலூட்டிகளுக்கு நோய் தரும் டிரிபனோசோம் வகை ஒட்டுண்ணி ஒன்று முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான். அதன் பெயரிலேயே, டிரிபனோசோமா எவான்சியில், அவர் இருக்கிறார். செட்சி பரப்பும் ஆப்பிரிக்க ஒட்டுண்ணியின் வழித்தோன்றல் அது. செட்சியின் உடலில் வளர்வதற்குத் தேவையான மரபுப் பொருளின் ஒரு பகுதியை இழந்துவிட்டதால், செட்சி இல்லாத ஆசியாவிலும் மாட்டு ஈ போன்ற கடிக்கும் ஈக்களின் வாய் ஈரத்தை நம்பிப் பரவக் கற்றுக்கொண்டது. மனித இரத்தத்தில் அதைக் கொல்லும் ஒரு புரதம் இருப்பதால் பொதுவாக நமக்கு ஆபத்து இல்லை. ஆனால் 2004-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்கு அந்த நோய் வந்தது. அந்தப் புரதம் அவர் உடலில் இல்லை என்பது பின்னர் தெரிந்தது.

மாட்டு ஈ நம்மைத் தேடி வரும் வழி, நீரைத் தேடும் வழிதான். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கிடைமட்டமாக முனைவாக்கம் பெறுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, ஈயின் கண்ணுக்குத் தெரியும். முட்டையிட நீர் வேண்டிய அந்த ஈ இதை ஓர் அடையாளமாக வைத்திருக்கிறது. வியர்த்த கறுப்புத் தோலும் அப்படியே ஒளியைத் திருப்புகிறது. வெள்ளைத் தோல் அவ்வளவாகத் திருப்புவதில்லை. வெள்ளைக் குதிரைகளை இந்த ஈ குறைவாகத் தொல்லை செய்வதை ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் குழு 2010-இல் காட்டியது. வரிக்குதிரையின் கோடுகள் எதற்கு என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் வலுவான விடை கிடைத்தது. 2019-இல் டிம் காரோவும் சகாக்களும் இங்கிலாந்தில் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரிகள் போட்ட துணிகளை மாட்டிப் பார்த்தார்கள். ஈக்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் நெருங்கின. வரிகளுக்கு அருகே வந்ததும் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் மோதின, அல்லது விலகிப் போயின. அதே ஆண்டு ஜப்பானில் கறுப்பு மாடுகளின் மேல் வெள்ளைக் கோடுகளை வரைந்தபோது, அவற்றின் மேல் உட்காரும் கடிக்கும் ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லாமல் வெறும் பெயிண்டால் இவ்வளவு ஆகிறது. நம் ஊர்த் தொழுவங்களில் மாலையில் வேப்பிலை மூட்டம் போடுவதோடு, இதையும் யாராவது ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தேனீ பக்கம் நம் கடன் பெரிது. துவரைப் பூ தனக்குத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் என்றாலும், இலைவெட்டித் தேனீக்களும் மலைத்தேனீக்களும் வந்தால் ஒரு செடியின் மகரந்தம் அடுத்த செடிக்குப் போய்விடும். விதைத் தூய்மை வேண்டுவோர் வலை போட்டு மூடுவது இதற்காகத்தான். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் அதே பழக்கத்தையே பயனாக்கியது. ஆண் மலட்டுச் செடிகளை வரிசையாக நட்டு, மகரந்தம் கொண்டுவரும் வேலையைத் தேனீக்களிடம் விட்டுக் கலப்பின விதை எடுத்தார்கள். முதல் கலப்பினத் துவரை 1991-இல் வெளியானது. வட அமெரிக்காவில் குதிரைமசால் விதை உற்பத்தி பெருமளவுக்கு ஓர் இலைவெட்டித் தேனீயை நம்பியே நடக்கிறது. தேன் தரும் தேனீக்கு அந்தப் பூ பிடிக்காது. திறக்கும்போது பூவின் நடுத்தண்டு துள்ளி எழுந்து தலையில் அடிக்கும். இலைவெட்டி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆவாரம்பூவிலும் கத்தரியிலும் மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. கருவண்டு என்று நாம் அழைக்கும் மரத்துளைத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவை இறுகப் பற்றி, இறக்கைகளை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிட்டு மகரந்தத்தை உதறி எடுக்கின்றன. அந்த நேரத்தில் ரீங்காரம் சட்டென்று மெலிந்து உயர்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். தேனீப் பெட்டித் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

ஆகவே வட்ட வெட்டு விழுந்த ரோஜா இலைக்கு மருந்து அடிக்காதீர்கள். செடி செத்துவிடாது. இடம் கொடுக்க விரும்பினால் வழி எளிது. ஒரு பக்கம் கணு மூடியிருக்கும்படி மூங்கிலை ஒரு சாணுக்குக் குறையாமல் வெட்டுங்கள். உள்துளை பென்சில் நுழையும் அளவு இருந்தால் போதும். கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பல இனங்கள் வரும். பத்துப் பதினைந்து துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில், காலை வெயில் விழும் பக்கம் பார்த்தபடி படுக்கைவாட்டில் ஆடாமல் பொருத்துங்கள். துளையின் வாய் இலையால் அடைபட்டிருந்தால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று பொருள். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்த துண்டை எடுத்து உலுக்கிப் பார்க்க வேண்டாம், முட்டை களியிலிருந்து நழுவிவிடும். துளை மறுபடி திறந்திருக்கும் நாளில், ஓரத்தில் உதிர்ந்த இலைத் துணுக்குகள் கிடக்கும். அப்போது அந்த மூங்கிலை மாற்றிப் புதிதாக ஒன்றைச் செருகிவிடுங்கள். பழைய துளைகளில் பூஞ்சையும் சிற்றுண்ணிகளும் சேர்ந்துவிடும்.